வெட்டவெளியில் தேக்கு

ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருளைக் கொண்டு வீடு கட்டும் நம்மவர், வாயிற்கதவும் முன்புறத் தூண்களும் தேக்கிலேயே அமையவேண்டும் என்று விரும்புகின்றனர். தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிப் பின்னர் வருந்துவோரும் உளர். ஆகவே, வெயிலிலும் மழையிலும் மரத்துக்கு நேர்வது யாது எனக் காண்போம்.

வெயில் பட்டால் மரம் நரைக்கும். புற ஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்க, மழை அதனைக் கழுவிச் செல்லும். இக்கேடு மேற்பரப்போடு நிற்பது. உள்வலிமையை அதிகம் குறைப்பதில்லை. நனைந்தும் உலர்ந்தும் வருவதால் தோன்றும் வெடிப்புகளே அஞ்சத்தக்கவை. அவற்றின் வழியே நீர் புகுந்து தங்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பற்றும்; பழுது கண்ணுக்குத் தெரியுமுன்னரே வலிமை பெரிதும் குன்றிவிடலாம்.

1906இல் தோன்றிய டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார், மரக்கட்டைகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, அவை நிலைக்கும் காலத்தை ஆராய்ந்தனர். சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் நிலைப்பவை முதல் வகுப்பு. 60 மாதங்களும் நில்லாதவை மூன்றாம் வகுப்பு. முதிர்ந்த தேக்கின் வைரம் முதல் வகுப்பைச் சேர்ந்தது. அதே மரத்தின் வெளிறோ விரைவில் கறையானுக்கு இரையாகும்.

நிலம்பூரில் 1840களில் நட்ட தேக்குகளுள் சில இன்றும் வைரம் பாய்ந்து நிற்கின்றன. இளமையிலேயே வெட்டப்படும் தோட்டத் தேக்கிலோ வெளிறு மிகுதி. ஆதலின், வெளிறு நீக்கிய மரத்தையே தேர்ந்து வாங்குவோம். தூணின் அடியை மண்ணில் புதைக்காமல் கல்மேல் நிறுத்துவோம். அடியில் நீர் தேங்காமல் காப்போம்.