விலங்கும் வேண்டுதலும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் குடிநோயாளரையும் மனநோயாளரையும் குடும்பத்தார் பலர் முதலில் போதகராகிய நம்மிடமே அழைத்து வருகின்றனர். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி, உயிருக்கே கேடு நேரலாம். இதனைப் பிசாசின் செயலெனக் கருதி ஜெபவீட்டில் கட்டிவைத்தல் பெரும்பிழை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6இல் நேர்ந்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையத்திலோ, குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குகின்றனர். கல்லறைகளிடையே வாழ்ந்தவனை நலமாக்கிய இயேசு, அவனை அவன் இனத்தாரிடமே அனுப்பினார் (மாற்கு 5:19). ஆதலின், நோயுற்றோரைக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரிக்கோ தாமதமின்றி அனுப்புதலும், மீண்டு வருவோரைச் சபையில் ஏற்றலும் நம் ஊழியமே. இரண்டினையும் ஜெபம் தாங்கி நிற்பதாக.