தண்ணீர் கட்டும் அறைகள்

ஈ.கோலை பாக்டீரியாவின் உடல் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். அதற்குள் டி.என்.ஏ. இழை, ரைபோசோம்கள், நொதிகள் எல்லாமே ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நம் உயிரணுக்களில் உட்கருவுக்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் தனித்தனிச் சவ்வுகள் உண்டு. ஈ.கோலைக்குள் அப்படிச் சவ்வுகளால் பிரிக்கப்பட்ட அறை எதுவும் கிடையாது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் ஷில்லரின் குழுவினர் அந்தப் பாக்டீரியாவுக்குள் புதிதாக அறைகள் எழும்படி செய்தார்கள். 2015இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு அது. அறைகளின் சுவர் புரதத்தால் ஆனது. ஆய்வாளர்கள் புதிய மரபணு ஒன்றை எழுதி உள்ளே அனுப்பினார்கள். புரதத்தைப் பாக்டீரியாவே தயாரித்தது. அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்து சுவராயின.

தாமாக எப்படிச் சேரும்? சோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். தண்ணீரில் போட்டால் எண்ணெய் முனைகள் உள்பக்கம் ஒளிந்துகொள்ள, நீர்முனைகள் வெளிப்பக்கம் நிற்க, சின்னஞ்சிறு உருண்டைகள் உருவாகின்றன. யாரும் அடுக்க வேண்டியதில்லை. நம் உயிரணுச் சவ்வில் இருக்கும் கொழுப்புகள் இரண்டு அடுக்காக நிற்பதும் இந்த இரட்டைக் குணத்தால்தான். ஒரு பாதி நீரை நாடி, மறுபாதி நீரை விலக்கும் குணத்தைப் புரதத்துக்கும் கொடுத்தால் அதுவும் சவ்வாக அமையும் என்பதே ஃபிரைபர்க் குழுவின் அடிப்படை யோசனை.

அதற்கு அவர்கள் மாதிரியாக எடுத்துக்கொண்டது எலாஸ்டின். நம் நுரையீரலும் பெரிய ரத்தக் குழாய்களும் விரிந்து மறுபடி சுருங்குவது இந்தப் புரதத்தால். சிறு வயதில் உருவான எலாஸ்டினில் பெரும்பகுதி வாழ்நாள் முழுக்க நம்மோடு இருக்கிறது. இதில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: வேலின், புரோலின், கிளைசின், அடுத்து ஏதோ ஒன்று, பிறகு மறுபடி கிளைசின். அந்த நான்காம் இடத்தில் புரோலினைத் தவிர வேறு எந்த அமினோ அமிலத்தையும் வைக்கலாம். இது ஒரு பெரிய கொடை. மின்னேற்றம் கொண்ட குளுட்டாமிக் அமிலத்தை அங்கே வைத்தால் அந்தப் பகுதி நீரை நாடும். ஃபீனைல்அலனினை வைத்தால் நீரை விலக்கும். முதல் வகைத் தொடர்களை வரிசையாக எழுதி, அதன் வாலில் இரண்டாம் வகையை இணைத்தால், ஒரே இழையில் இரண்டு குணமும் வந்துவிடும்.

எலாஸ்டின் வகைப் புரதங்களிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. சர்க்கரை சூடான நீரில் கூடுதலாகக் கரையும். இவை குளிர்ந்த நீரில் கரைந்து, சூடாக்கினால் பிரிந்து திரளும். தெளிவாக இருந்த கரைசல் கலங்கிப் பால்போல் ஆகும், ஆற விட்டால் மறுபடி தெளியும். நீரை விலக்கும் பகுதிகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்பதுதான் காரணம். வெப்பம் ஏறியதும் அந்த ஒழுங்கு குலைந்து நீர் விலகுகிறது, உறை இழந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆக, இங்கே கட்டடத்தை எழுப்புவது தண்ணீரின் நடமாட்டமே. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் டான் அரி இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் சில்கோடி 1999இல் இதை ஒரு சுத்திகரிப்பு முறையாகவே மாற்றினார். வேண்டிய புரதத்தோடு எலாஸ்டின் வகை இழையை ஒட்டி, சூடாக்கித் திரட்டி, சுழற்றிப் பிரித்து, குளிர்வித்துக் கரைத்துவிடலாம்.

மரபணுவை எழுதுவது சொல்வதுபோல அவ்வளவு சுலபமில்லை. ஒரே தொடர் பலமுறை வந்தால், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் இழைகள் இடம் தெரியாமல் தவறான இடத்தில் ஒட்டிவிடும். அதனால் சிறு துண்டை அதே துண்டோடு இணைத்து இரட்டிப்பாக்கி, அதை மறுபடி இரட்டிப்பாக்கி வளர்க்கும் முறைகளைக் கையாள்கிறார்கள். பொறுமை கேட்கும் வேலை.

உள்ளே எழுந்தது அறைதான், வெறும் கசடல்ல என்பதையும் நிரூபிக்க வேண்டும். பாக்டீரியாவை அளவுமீறிப் புரதம் தயாரிக்கச் சொன்னால், தவறாக மடிந்த புரதங்கள் ஒரு கட்டியாகத் திரண்டு நிற்பது ஆய்வகங்களில் அன்றாடம் காண்பது. ஃபிரைபர்க் குழு ஒளிர்வு நுண்ணோக்கியிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்து, தங்கள் புரதம் ஒழுங்கான உருவங்களாக அமைந்ததைக் காட்டியது. அதோடு நிற்கவில்லை. இயற்கையில் புரதங்களுக்குள் வராத ஓர் அமினோ அமிலத்தைக் குறிப்பிட்ட இடத்தில் செருகி, அறைச் சுவரில் வேண்டிய வேதிப்பொருளை மாட்டுவதற்கு ஒரு கொக்கியும் வைத்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சுவரின் எந்த இடத்தில் என்ன மாட்டலாம் என்பதுவரை அவர்கள் எழுதிய மரபணுவிலேயே இருந்தது.

எதற்காக இவ்வளவு பாடு? சால்மோனெல்லா பாக்டீரியாவைப் பாருங்கள். அது புரோப்பேன்டையால் என்ற பொருளை உணவாக்கும்போது, நடுவில் புரோப்பியோனால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. அந்த வேதிவினையைப் புரதத்தாலான ஓர் உறைக்குள் அடைத்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது அது. நுண்ணுயிரிகளைக் கொண்டு மருந்தும் எரிபொருளும் தயாரிக்க விரும்புவோருக்கும் இதே சிக்கல் வருகிறது. இடையில் உண்டாகும் பொருள் பாக்டீரியாவையே கொன்றுவிடலாம், அல்லது வேறொரு நொதி அதைத் தின்றுவிடலாம். நொதிகளைத் தனி அறைக்குள் வைத்தால் இரண்டையும் தடுக்க வழி உண்டு. ஆனால் மூலப்பொருள் உள்ளே வரவும், விளைபொருள் வெளியேறவும் சுவர் இடம்தர வேண்டும். இந்த வாசலை வடிவமைப்பது சுவரை எழுப்புவதைவிடக் கடினம் என்றே நினைக்கிறேன்.

2018இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபிரீட்ரிஷ் சிம்மலின் குழு, உயிரணுவுக்கு வெளியே இதே வகை எலாஸ்டின் இழைகளால் சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள குமிழ்களை உருவாக்கியது. அவற்றுக்குள் புரதம் தயாரிக்கும் சாறும், சுவர்ப் புரதத்துக்கான மரபணுவும் வைக்கப்பட்டன. உள்ளே தயாரான புதிய இழைகள் சுவரில் போய்ச் சேர, குமிழ்கள் தாமாகவே பெரிதாயின.