மூச்சுத் திணறிய ரூட்டர்

"மாமா, இந்தப் பெட்டி மறுபடியும் செத்துப் போச்சு!"

ஜூன் மாதத் தொடக்கத்தில் அக்காள் வீட்டுக்குப் போனபோது என்னை வரவேற்ற சொற்கள் இவை. பெட்டி என்பது வேறொன்றுமில்லை; வீட்டிலுள்ள கணினிக்கும் கைபேசிகளுக்கும் இணையத்தைப் பங்கிட்டுத் தரும் ரூட்டர்தான்.

அக்காள் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவன். தன் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ ஆசைப்பட்டு, 5 ஜிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை 'டாரென்ட்' முறையில் இறக்கிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் ஒழுங்காக இறங்கும். பிறகு வீடு முழுவதும் இணையம் நின்றுவிடும். சுவிட்சை அணைத்துப் போட்டால் உயிர் வரும். மீண்டும் கால் மணி நேரந்தான்!

அவனுடைய அக்காளுக்கோ கண்ணில் நீர். பொறியியல் சேர்க்கைக்குச் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற மறுநாளே கடைசி நாள். "புதுப் பெட்டி வாங்கிவிடலாம்" என்றார் அத்தான். "ஒரு நாள் பொறுங்கள் அத்தான். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குவானேன்?" என்றேன். முதல் வேலையாக, இறக்கத்தை நிறுத்திவிட்டுச் சான்றிதழ்களை ஏற்றி முடித்தோம். பிறகு ஆராய்ச்சியைத் தொடங்கினோம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ரூட்டர் ஒரு சிறு கணினி. அதற்கும் செயலி உண்டு, நினைவகம் உண்டு, மென்பொருள் உண்டு. இணையத்தில் எந்தக் கோப்பும் ஒரே மூட்டையாக வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகவே வருகிறது. ஒரு பொட்டலத்தின் அளவு பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேல் போகாது. அப்படியானால் 5 ஜிகாபைட் கோப்பு சுமார் 34 லட்சம் பொட்டலங்கள்! ஒவ்வொன்றையும் பார்த்து, உரியவரிடம் அனுப்புவது ரூட்டரின் வேலை.

உரியவர் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடிதங்களும் விடுதியின் ஒரே முகவரிக்குத்தான் வருகின்றன. எந்த அறை மாணவன் யாருக்கு எழுதினான் என்பதைக் காப்பாளர் பதிவேட்டில் குறித்து வைக்கிறார். பதில் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரிய அறைக்குக் கொடுக்கிறார்.

நம் வீடும் அப்படியே. 32 பிட் நீளமுள்ள இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகிலுள்ள கருவிகளுக்கெல்லாம் அவை போதா. ஆகவே வீடு முழுவதும் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை 1994-இல் வெளியிடப்பட்டது. இதற்காக, ஒவ்வோர் இணைப்புக்கும் ரூட்டர் தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறது.

நான்கு சந்தேகங்கள்

ரூட்டர் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முக்கியமான நான்கை ஒரு தாளில் எழுதினோம்.

1. செயலி அளவுக்கு மீறிச் சூடாகிறது.
2. மின்சாரம் தரும் அடாப்டர் பலவீனமாகிவிட்டது. வேலை கூடும்போது மின்னோட்டமும் கூடும். அப்போது மின்னழுத்தம் சரிந்தால் பெட்டி அணைந்து எழும்.
3. வெளியிலிருந்து வரும் இணைப்பே அறுகிறது.
4. பதிவேடு நிரம்பிவிடுகிறது.

விளக்குகளே முதல் சாட்சி. ரூட்டர் நின்ற கணத்தில் அவற்றைக் கவனித்தோம். ஒன்றும் அணைந்து எரியவில்லை. எனவே பெட்டி தானாக அணைந்து எழவில்லை. இணைப்பு விளக்கும் பச்சையாகவே இருந்தது. மூன்றாவது சந்தேகம் வலுவிழந்தது.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற விதியுடன் சோதனைகள். பெட்டிக்கு எதிரே மேசை விசிறியை வைத்தோம். நேரம் 15 நிமிடத்திலிருந்து 16 ஆயிற்று, அவ்வளவே. பக்கத்து வீட்டிலிருந்து அதே 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டினோம். மாற்றமில்லை.

பிறகு அதே கோப்பை டாரென்ட் இல்லாமல், நேராக இணையதளத்திலிருந்து இறக்கினோம். ஏறக்குறைய அதே வேகம், அதே 5 ஜிகாபைட். பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பொட்டலங்களின் எண்ணிக்கை குற்றவாளி அல்ல. வேறுபாடு இணைப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. நேர் இறக்கத்துக்கு ஓரிரு இணைப்புகள் போதும். டாரென்ட் முறையோ கோப்பின் துண்டுகளைப் பல கணினிகளிலிருந்து ஒரே சமயத்தில் திரட்டுகிறது. யாரிடம் எந்தத் துண்டு உள்ளது என்று நூற்றுக்கணக்கானவர்களை விசாரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி!

இன்னொரு தடயமும் கிடைத்தது. இணையம் நின்ற முதல் சில நிமிடங்களில் புதிய பக்கம் எதுவும் திறக்கவில்லை. ஆனால் இறங்கிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பழைய வரிகள் பதிவேட்டில் இருந்தன; புதிய வரிக்குத்தான் இடமில்லை.

போனவர்களின் பெயர்களை அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். முறையாக விடைபெற்ற இணைப்பின் வரி விரைவில் நீக்கப்படும். சொல்லாமல் மறைந்துவிட்டதன் வரி காத்துக் கிடக்கும். பல ரூட்டர்களில் ஓடும் லினக்ஸில், டிசிபி வகை இணைப்புக்கு இயல்பாக வைத்துள்ள காத்திருப்பு நேரம் 4,32,000 விநாடி. கணக்கிட்டுப் பாருங்கள், முழுதாக 5 நாள்! சுவிட்சை அணைத்தால் நோய் தீர்வதன் இரகசியமும் இதுவே. மின்சாரம் போனதும் நினைவகத்திலுள்ள பதிவேடு அழிந்துவிடுகிறது.

மருந்துக்குச் செலவில்லை

டாரென்ட் மென்பொருளின் அமைப்பில் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 500 என்றிருந்தது. அதை 50 ஆக்கினோம். இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் பெட்டி உயிரோடு இருந்தது. அத்தானின் பணமும் பத்திரமாக இருந்தது.

உங்கள் வீட்டு ரூட்டருக்கு வேறு நோய் இருக்கலாம். விசிறி வைத்ததும் நெடுநேரம் ஓடினால் அதைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மேலே துணி போடாதீர்கள். விளக்குகள் அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ஆனால் மாற்று அடாப்டரின் வோல்ட்டும் முனைகளின் நேர், எதிர் அமைப்பும் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். அடாப்டரை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

ஒரு கேள்வியுடன் முடிக்கிறேன். இறக்கம் நடக்கும்போது இணையம் நிற்கவில்லை. ஆனால் மற்றவர்களின் பேச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. மேலே சொன்ன நான்கு சந்தேகங்களில் இது எதில் அடங்கும்? அல்லது ஐந்தாவது ஒன்று தேவையா? தாளும் பேனாவும் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்!