நாகவல்லிக்கு ஏன் வேற்று ஊர்?

ஆடுகிறவளின் மனம் பிறழும் கதை என்றால், என்னிடம் பரதம் படிக்கிற பிள்ளைகள் ‘பிளாக் ஸ்வான்’ என்பார்கள். 2010இல் வந்த படம். பாலே ஆடும் நீனாவாக நடித்த நடாலி போர்ட்மேனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எங்கள் பெங்களூர்த் தியேட்டர்களில் அதற்கு ஆறு வருஷம் முன்பே நாகவல்லி என்ற ஆட்டக்காரி ஆடிவிட்டாள். பி. வாசு கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’ 2004 ஆகஸ்டில் வெளியானது. கங்காவாக நடித்த சௌந்தர்யா அந்த வெற்றியைப் பார்க்கவில்லை. ஏப்ரலிலேயே ஜக்கூர் விமான விபத்தில் போய்விட்டார். மறு வருஷம் அதுவே தமிழில் ‘சந்திரமுகி’. எல்லாவற்றுக்கும் மூலம் ஃபாசிலின் மலையாள ‘மணிச்சித்திரத்தாழு’, 1993.

நீனாவுக்குப் பகை கண்ணாடி. ‘ஸ்வான் லேக்’ நாடகத்தில் வெள்ளை அன்னமும் கறுப்பு அன்னமும் ஒருத்தியே ஆடவேண்டியவை. வெள்ளை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கறுப்புக்கு வேண்டிய வேகமும் ஆசையும் அம்மாவின் வளர்ப்பில் அடங்கிக் கிடக்கின்றன. அடங்கியது கண்ணாடிக்குள் தனியே அசைகிறது, முதுகில் இறகாக முளைக்கிறது.

கங்காவுக்கு வாய்த்தது பூட்டிய அறை. உள்ளே, அரசனால் கொல்லப்பட்ட ஆட்டக்காரி நாகவல்லியின் ஓவியம், நகை, சலங்கை. கங்கா ஆட்டக்காரியே இல்லை, பொறுமையான குடும்பப் பெண். வெளியே போகவேண்டாம் என்று கணவன் சொன்னதும் கட்டிலைத் தூக்குகிறாளே, அந்தக் கோபத்துக்கு அவளுக்கு இன்னொருத்தியின் பெயர் தேவைப்படுகிறது. உச்சக்கட்ட ஆட்டத்தில் ஒரு ஷாட்டில் அரசவை, பட்டு, நகை. அடுத்த ஷாட்டில் தலைவிரிகோலம், வழிந்த கண்மை. கண்ணாடியின் வேலையை இங்கே எடிட்டிங் செய்கிறது. மலையாள மூலத்தில் அவளோடு ஆடியவர் கன்னட நடிகரும் பரதக் கலைஞருமான ஸ்ரீதர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். கன்னடத்துக்கும் தமிழுக்கும் வந்தால் தெலுங்குப் பெண். அடங்காத ஆட்டக்காரி என்றால் எப்போதும் அடுத்த சீமையிலிருந்துதான் வரவேண்டுமா? பல மொழிகளில் பதம் ஆடுகிற எனக்கு இது உறுத்துகிறது. அந்த வகையில் ‘பிளாக் ஸ்வான்’ நேர்மையான படம். இரண்டு அன்னமும் நீனாதான் என்று ஒப்புக்கொள்கிறது.

படத்தின் முடிவில் நாகவல்லி பழிதீர்க்க ஒரு பொம்மையைக் கொடுத்துக் கங்காவைக் குணமாக்குகிறார்களே, அந்த வைத்தியம் சினிமாவோடு சரி. உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தவித்தால் மந்திரவாதியைத் தேடி அலையாதீர்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, அங்கே அழைத்துப் போங்கள்.