ஆங்கில ஒலிப்புச் சாயல்களும் கற்போரின் மதிப்பீடும்

முன்னுரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர் அதன் எல்லா ஒலிப்புச் சாயல்களையும் ஒரே தரத்தில் வைத்து நோக்குவதில்லை. பிரித்தானிய, அமெரிக்கச் சாயல்களே தெளிவானவை என்றும், தம்மைப் போன்று கற்றுப் பேசுவோரின் சாயல் குறையுடையது என்றும் கருதும் போக்கு அவர்களிடையே காணப்படுகிறது. இம்மதிப்பீடு செவியைச் சார்ந்ததா, மனப்பாங்கைச் சார்ந்ததா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சாயலும் புரிதலும்

முன்ரோ, டெர்விங் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு மூன்று அளவுகளை வேறுபடுத்தியது. பேச்சில் அயற்சாயல் எவ்வளவு மிகுந்துள்ளது என்பது ஒன்று. அதனைப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினமாகத் தோன்றியது என்பது மற்றொன்று. கூறியது உண்மையில் விளங்கியதா என்பது மூன்றாவது. மாண்டரின் மொழியினரின் ஆங்கிலப் பேச்சைக் கேட்ட ஆங்கிலத் தாய்மொழியினர், அயற்சாயல் மிக்கவை எனத் தாமே மதிப்பிட்ட தொடர்கள் சிலவற்றையும் பிழையின்றி எழுதினர். எனவே, சாயல் மிகுதி புரிதற்குறை ஆகாது.

கேட்போராகக் கற்போர்

பென்ட், பிராட்லோ ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு கற்போரையே கேட்போராகக் கொண்டது. தம் தாய்மொழியைச் சேர்ந்த, தேர்ச்சிமிக்க ஒருவரின் ஆங்கிலம், ஆங்கிலத் தாய்மொழியினரின் பேச்சுக்கு இணையாக அவர்களுக்கு விளங்கியது. குறையுடையது எனக் கருதப்படும் சாயல் புரிதலுக்குத் தடையாக இல்லை என்பதே இதனால் பெறப்படும்.

செவிக்கு முந்தும் எண்ணம்

மதிப்பீட்டில் மனப்பாங்கின் பங்கினை ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆங்கிலத் தாய்மொழியினர் ஒருவரின் ஒரே விரிவுரைப் பதிவை அமெரிக்க மாணவர் கேட்டனர். ஒரு பிரிவினருக்கு வெள்ளையினப் பெண்ணின் படமும், மற்றொரு பிரிவினருக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. ஆசிய முகத்தைக் கண்டவர்கள், இல்லாத அயற்சாயலைக் கேட்டதாகக் கூறினர். விரிவுரையைக் குறைவாகவே உள்வாங்கினர். அவர்கள் கற்போர் அல்லர். எனினும், பேசுபவரைப் பற்றிய எண்ணம் கேட்டலையே மாற்றவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

கற்பித்தலில் இவ்வேறுபாடு

தமிழில் ‘பேக்’ என எழுதினால் முதுகு, பை, பொதி ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. இவ்வேறுபாட்டைப் பேச்சில் இழப்பது பொருளைக் குழப்பும். ஆகவே பயிற்சி தேவை. ஆங்கில நுனியண்ண ஒலியைத் தமிழின் டகரம்போல் நாமடித்து ஒலிப்பதோ பொருளை மாற்றுவதில்லை. அது சாயல் மட்டுமே.

முடிவுரை

வாய்மொழித் தேர்வில் இவ்விரண்டையும் ஒருசேரப் பிழையெனக் கொண்டு மதிப்பெண் குறைத்தால், மாணவர் தம் குரலையே பிழையெனக் கருத நேரும். பொருள் விளக்கத்தையும் சாயலையும் தனித்தனியே மதிப்பிடுவதே முறையாகும்.