வயலை மனைக்கு விற்குமுன் தலத்தெரு விவசாயிகள் பார்க்க வேண்டியவை

காரைக்கால் நகரை ஒட்டிய ஊர் தலத்தெரு. சிவலோகநாதர் கோவில் கொண்ட இவ்வூர் காவிரியின் கடைமடையில் உள்ளது. நகரம் வளர வளர, ஒரு மா, இரண்டு மா வைத்திருக்கும் சிறு விவசாயியின் வீட்டுத் திண்ணைக்கும் மனைத் தரகர் வந்து உட்கார்ந்து விடுகிறார். கேட்கும் விலையோ பல ஆண்டுச் சம்பா மகசூலைக் கூட்டினாலும் எட்டாத தொகை. விற்பதா, வைத்திருப்பதா என்று பல குடும்பங்களில் பேச்சு நடக்கிறது.

விலை உயர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009-ல் கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்தது. 2010-ல் தேசிய தொழில்நுட்பக் கழகமும், 2016-ல் ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. நாகூர் ரயில் 2011-ல் காரைக்காலை எட்டியது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த பேரளம் பாதையும் மீண்டும் போடப்பட்டுள்ளது. ஆகவே மனைக்குத் தேவை இருக்கிறது. ஆனால் எல்லா வயலும் மனையாகி விடாது. மனையாகும் வயலிலும் லாபம் முழுவதும் விவசாயிக்கு வருவதில்லை.

ஒரு மாவின் கணக்கு

மா என்பது 100 குழி. குழிக்கு 144 சதுர அடி வீதம் 14,400 சதுர அடி. பட்டாவில் இது 13 ஆர் 38 சென்டியார் என்ற அளவில் இருக்கும். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற கணக்கு இது. ஓர் ஆர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். தரகர் சென்ட் கணக்கில் பேசுவார், பட்டா ஆர் கணக்கில் சொல்லும், விவசாயி மா கணக்கில் நினைப்பார். இந்த மூன்றையும் ஒன்றாக்கிப் பார்க்காமல் விலை பேசுதல் கூடாது.

பாதைக்கும் பொது இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போவதாக வைத்துக் கொள்வோம். மிஞ்சுவது 9,600 சதுர அடி, அதாவது 1,200 சதுர அடியில் எட்டு மனைகள். அடுத்தது மண். பள்ளமான நன்செயை 3 அடி உயர்த்த 43,200 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 432 யூனிட். மண் இறுகிய பின் அளவு குறையுமாதலால் இன்னும் கூடுதலாகவே அடிக்க வேண்டும். "மனை விலை சதுர அடிக்கு இவ்வளவு போகிறதே, எனக்கு ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்கும் விவசாயி இச்செலவுகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் துணிந்து கூடுதல் கேட்கலாம்.

எந்தப் பக்கத்தை விற்பது?

விவசாயிகள் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். சாலையோரத் துண்டுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று அதை மட்டும் விற்று விடுகிறார்கள். பின்புறம் எஞ்சும் நிலத்துக்கு வண்டி போக வழியில்லாமல் போகிறது. அறுவடை இயந்திரமும் நுழையாது. பின்னாளில் அதை விற்கவும் முடியாது, அல்லது முன்மனைக்காரர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். முன்துண்டை விற்றே ஆக வேண்டுமானால், இயந்திரம் போகும் அகலத்துக்கு ஒரு பாதையைத் தம் பெயரிலேயே நிறுத்திக் கொள்ள வேண்டும்.

பாதையைவிட முக்கியமானது வடிகால். கடைமடையில் நிலச் சரிவு மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை வயலுக்கு வயல் வழிந்து, கன்னி வாய்க்கால் வழியே வடிகாலுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு துண்டை 3 அடி உயர்த்தி விட்டால், மேலே உள்ள வயல்களில் நீர் தேங்கும். தூர் கட்டும் பருவத்தில் பயிர் பல நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிப் போகும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் டெல்டாவில் சம்பா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மழையில் வாய்க்காலும் அடைபட்டிருந்தால் நீர் வடிவது இன்னும் தாமதமாகும். தம் வயலின் வடிகால் வாயுள்ள துண்டை மனைக்கு விற்றுவிட்டு மீதியில் நெல் பயிரிட நினைப்பவர், பயிரையும் சேர்த்தே விற்றவர் ஆகிறார். விற்கும் துண்டின் வழியே வாய்க்கால் போனால், அதன் அகலத்தையும் போக்கையும் கிரயப் பத்திரத்தில் எழுதி, வரைபடத்திலும் காட்டச் செய்தல் வேண்டும். வாய்ப்பேச்சு முதல் மழை வரைக்கும்தான் நிற்கும்.

பத்திரமும் பதிவும்

நிலத்தை 500 சதுர மீட்டருக்கு மேல் மனைகளாகப் பிரித்து விற்பதானால், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு வேண்டும். ஒரு மாவே 1,338 சதுர மீட்டர் வருகிறது. பதிவு எண் இல்லாமல் அத்தகைய மனைகளுக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. காரைக்கால் திட்டக் குழுமத்தின் அனுமதி தனி.

சிறிது முன்பணம் தந்துவிட்டுப் பொது அதிகாரப் பத்திரம் கேட்பவர்கள் உண்டு. 'பவர்' எழுதிக் கொடுப்பது கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகக் கூறிவிட்டது. ஆனால் பவர் கையில் இருக்கும்வரை வாங்கியவர் பல வேலைகளைச் செய்துவிட முடியும். முழுத் தொகை வராமல் கையெழுத்திட வேண்டாம்.

மனை வாங்க நினைக்கும் விவசாயி மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பார்ப்பதுடன், நிலம் கோவிலுக்குரியதா, குத்தகைதாரர் உள்ளாரா என்றும் விசாரிக்க வேண்டும். காரைக்கால் கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோவில் நிலத்தைப் போலி ஆவணங்களால் மனைகளாக்கி விற்றதாக 2024-ல் வழக்கு எழுந்து, அரசு அதிகாரி உட்படப் பலர் கைதானார்கள். இன்னொன்று: தரகர்கள் மாசி, பங்குனியில்தான் மனை காட்டுவார்கள். அதே மனையைக் கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

"பத்தாண்டில் இரட்டிப்பு" என்ற பேச்சைக் கேட்டு மயங்க வேண்டாம். பத்தாண்டில் இரட்டிப்பாவது ஆண்டுக்கு 7 சதவிகிதத்துக்குச் சற்றே கூடுதல். முத்திரைத் தீர்வை, வேலி, வரி போனால் அதுவும் குறையும். காலி மனை நடுவில் ஒரு காசும் தராது. பயிர்க் கடனையோ நகைக் கடனையோ எடுத்து மனையில் போடுவது சிறிதும் பொருந்தாது.

விற்ற பணமும் வரியும்

விவசாய நிலத்துக்கு வரி இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கிராமப்புற நிலத்துக்கு அது சரி. ஆனால் நகராட்சி எல்லைக்குள் உள்ள நிலமும், காரைக்கால் போன்று 1 லட்சத்துக்கு உட்பட்ட மக்கள் தொகையுள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோ மீட்டருக்குள் உள்ள நிலமும் மூலதன ஆதாய வரிக்கு உட்பட்டவை. இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த நிலமானால் ஆதாயத்தில் 12.5 சதவிகிதமும் கூடுதல் தீர்வையும் உண்டு. 2001 ஏப்ரலுக்கு முன் வந்த பூர்வீக நிலத்துக்கு அந்த ஆண்டின் சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளலாம்.

விற்குமுன் இரண்டாண்டுகள் சாகுபடியில் இருந்த நிலத்தை விற்று, அடுத்த இரண்டாண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், வாங்கிய அளவுக்கு வரி விலக்கு கிடைக்கும். ஆகவே சாலையோரத்தில் ஒரு மாவை விற்று, உள்ளே தள்ளி மூன்று மா வாங்க நினைப்பவர் வரித் தணிக்கையாளரிடம் முன்னதாகவே கலந்து கொள்ள வேண்டும். வாங்கும் நிலம் கடலோரப் பக்கமானால் அதன் மண்ணையும் ஆழ்குழாய் நீரையும் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, உப்பின் அளவைத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.