28 கால் பாடும் சிட்டு!

தீப்பெட்டியைவிடச் சிறியது. கறுப்பு நிறம். இரண்டு பக்கமும் பூரானுக்கு இருப்பதுபோல வரிசையாகக் கால்கள். எண்ணிப் பார்த்தால் 28 இருக்கும்.

இந்தக் கறுப்புப் பூச்சி பாடும்! ஒரே சமயத்தில் மூன்று குரலில் பாடும்!

இது ஒரு எலெக்ட்ரானிக் சிப். இதன் பெயர் "சிட்". பாடுவதால் "சிட்டு" என்றே அழைத்தாலும் தவறில்லை. முதுகில் 6581 என்ற எண் அச்சிட்டிருக்கும்.

வீட்டிலேயே மின்சார வாத்தியம் செய்து பார்ப்பதில் ஆசை கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தச் சிட்டைத் தேடி அலையாய் அலைகிறார்கள். ஏன்? அதைச் செய்கிற தொழிற்சாலை இன்று இல்லை!

பிறந்த கதை

1981-ம் ஆண்டு. அமெரிக்காவில் கமடோர் கம்பெனிக்குச் சொந்தமான "மாஸ் டெக்னாலஜி"யில் பாப் யான்னஸ் என்ற என்ஜினீயர் வேலை பார்த்தார். அவருக்குச் சங்கீத யந்திரங்கள் என்றால் உயிர்.

அந்நாளில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் "பீப், பீப்" என்று கத்தத்தான் செய்தன. பாட வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் உண்மையான ஒரு வாத்தியத்தையே வைத்துவிட வேண்டும் என்று யான்னஸ் நினைத்தார். சில மாதங்களுக்குள் சிட்டு பிறந்தது.

1982-ல் அது "கமடோர் 64" கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கோடிக்கு மேல் விற்றது. யான்னஸ் பிறகு நண்பர்களுடன் சேர்ந்து "என்சோனிக்" என்ற வாத்தியக் கம்பெனியைத் தொடங்கினார்.

எப்படிப் பாடுகிறது?

சிட்டுக்கு மூன்று குரல்கள். ஒவ்வொரு குரலும் நான்கு வகை ஒலியை எழுப்பும். ஒன்று புல்லாங்குழல்போல மெல்லியது. ஒன்று ரம்பப் பல்போலக் கூரியது. ஒன்று கொம்புபோல உள்ளீடற்றது. மற்றொன்று மழை இரைச்சல்.

வீணைத் தந்தியை மீட்டினால் நாதம் சட்டென்று எழுந்து மெல்ல அடங்கும். நாதஸ்வரத்திலோ மூச்சு உள்ளவரை நிற்கும். இந்த எழுச்சியையும் அடக்கத்தையும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே அமைக்கலாம். அதற்கு மேல், ஒலியை வடிகட்டி இழைக்கும் "பில்ட்டர்" ஒன்றும் உண்டு.

வாசிப்பது எப்படி? சிட்டுக்குள் 29 சிறு அறைகள் இருக்கின்றன. அவற்றில் எண்களை எழுதுவதுதான் வாசிப்பு! சிட்டின் கடிகாரம் விநாடிக்குப் பத்து லட்சம் தடவை துடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுருதிக்குரிய அறைகளில் 7382 என்று எழுதினால், விநாடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரம் கேட்கும். இரட்டிப்பாக 14764 என்று எழுதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

வீட்டில் வாத்தியம் செய்கிறவர்கள் "ஆர்டுவினோ" போன்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையை இதற்கு வைக்கிறார்கள். கட்டையை அழுத்தியதும் அந்தப் பலகை உரிய எண்ணை எழுதும். சிட்டு பாடும்.

குறையே அழகு!

இனிமேல்தான் வேடிக்கை. பில்ட்டர் ஒரு சிப்பில் இருப்பதுபோல் இன்னொரு சிப்பில் இருப்பதில்லை. தயாரிப்பில் நேர்ந்த வேறுபாடு அது. ஒரே பாட்டை இரண்டு சிட்டுகளில் வாசித்தால் ஒன்று இருண்டும், ஒன்று தெளிந்தும் ஒலிக்கும்!

இன்னொரு குறையும் உண்டு. ஒலி அளவைக் கூட்டிக் குறைத்தால் "டிக்" என்ற சத்தம் கேட்கும். கெட்டிக்காரர்கள் சிலர் இதையே வித்தையாக்கினார்கள். ஒலி அளவை அதிவேகமாக மாற்றி, மனிதப் பேச்சையும் மேளச் சத்தத்தையும் சிட்டிலிருந்து வரவழைத்தார்கள்!

பின்னாளில் வந்த 8580 என்ற புது சிப்பில் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. வித்தைச் சத்தமும் கூடவே மங்கிப்போனது! ரசிகர்கள் குறையுள்ள பழைய சிட்டையே தேடிப் போனார்கள்.

இறந்தாலும் ஆயிரம் பொன்

1994-ல் கமடோர் கம்பெனி திவாலாயிற்று. சிப் செய்த தொழிற்சாலையும் பிறகு மூடப்பட்டது. அன்று முதல் யானைக் கதைதான். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்!

ஸ்வீடன் நாட்டு "எலக்ட்ரான்" கம்பெனி 1990-களின் கடைசியில் சிட்டை வைத்து "சிட்ஸ்டேஷன்" என்ற வாத்தியத்தை விற்றது. பழைய சிப்புகளை வாங்கி வைத்தல்லவா செய்ய வேண்டும்? கையிருப்பு தீர்ந்தால் வாத்தியமும் நின்றுவிடும். அப்படியே நின்றது.

எல்லாச் சங்கீத சிப்புகளுக்கும் இந்தக் கதி இல்லை. டக் கர்ட்டிஸ் என்பவர் அமைத்த 3340 என்ற சிப்புக்கு 2016-ல் மறுபிறவி கிடைத்தது. லாட்வியா நாட்டு ரீகா நகரிலும் அதற்கு இணையான சிப் தயாராகிறது. சிட்டுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

போலிகள் ஜாக்கிரதை!

தேவை மிகுந்தால் போலியும் வரும். வேறு ஏதோ ஒரு சிப்பின் முதுகைத் தேய்த்து, 6581 என்று புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். செத்த சிட்டுக்கும் இதே சிங்காரம்!

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை சில:

முதுகில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 4383 என்றால் 1983-ம் ஆண்டின் 43-வது வாரம். கம்பெனி திவாலான பிறகு வரும் தேதி இருந்தால் நம்பாதீர்கள்.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து லேசாகத் துடையுங்கள். எழுத்து கரைந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

"சோதித்த சரக்கு" என்று விற்பவர் சொன்னால், எதைச் சோதித்தார் என்று கேளுங்கள். மூன்று குரல், நான்கு ஒலி, பில்ட்டர் எல்லாவற்றையும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். குரல் நன்றாக இருந்து பில்ட்டர் மட்டும் செத்த சிட்டுகள் உண்டு.

மின்சாரத்தில் அவசரம் வேண்டாம். 6581-க்கு 12 வோல்ட். 8580-க்கு 9 வோல்ட். மாற்றிக் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் 5 வோல்ட்டும் தனியே வேண்டும்.

உயிருள்ளதைக் கொல்லலாமா?

சிப்புக்காக நல்ல நிலையில் உள்ள பழைய கம்ப்யூட்டரை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இது தகுமா? ஒரு வாத்தியம் பிறக்க இன்னொன்று சாக வேண்டியதில்லை. பலகை வெந்து, இனிப் பிழைக்காது என்று ஆன கம்ப்யூட்டரிலிருந்து சிட்டை எடுப்பதே முறை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. "ஸ்வின்சிட்", "ஆர்ம்சிட்" போன்ற மாற்றுச் சாதனங்கள் சிட்டின் இடத்தில் அப்படியே பொருந்தும். பலகையில் சாக்கெட்டைப் பற்றவைத்து, முதலில் மாற்றுச் சாதனத்தைச் செருகிப் பழகுங்கள். தவறு நேர்ந்தாலும் நஷ்டம் சிறிது. எல்லாம் சரியாக ஓடிய பிறகு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அசல் சிட்டை வைக்கலாம்.

எரிந்துபோன ஒவ்வொரு சிட்டும் உலகக் கணக்கில் ஒன்று குறைவுதான். புதிதாக ஒன்று பிறக்கப் போவதில்லை. இருப்பவை இன்னும் பல காலம் பாட வேண்டும். அது அதைக் கையில் வைத்திருப்பவரின் பொறுமையில் இருக்கிறது!